ஒரு நாள் ஸ்டார்ட் ஆகிறது, மறுநாள் ஆவதில்லை: கோளாறு எங்கே?

காலையில் ஸ்கூட்டரின் செல்ஃப் பட்டனை அழுத்துகிறீர்கள். ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவது முறை 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும். மூன்றாவது முறை எதுவுமே நடக்காதது போல வண்டி ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனால், அங்கே ஒரே அழுத்தில் கிளம்புகிறது. "வண்டி நல்லாத்தானே சார் இருக்கு?" என்று அவர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

கம்ப்யூட்டரும் இதே விளையாட்டை விளையாடும். நேற்று பவர் பட்டனை அழுத்தியதும் வந்தது, இன்று வரவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் வருகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் மறுபடி முரண்டு. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இதைப்போல எரிச்சல் தரும் கோளாறு வேறில்லை. அடியோடு செத்துப்போன கம்ப்யூட்டரைச் சரி செய்வது இதைவிட எளிது. ஏனென்றால், ஒரு பாகத்தை மாற்றினால் உயிர் வருகிறதா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.

விட்டு விட்டு வரும் கோளாறில் அப்படித் தெரியாது. நீங்கள் எதைச் செய்தாலும் அது பலித்தது போலவே இருக்கும். ராமைக் கழற்றி மாட்டினேன், வந்துவிட்டது என்பார் ஒருவர். பின்பக்கம் தட்டினேன், வந்துவிட்டது என்பார் இன்னொருவர். இரண்டையும் செய்யாமல் இருந்திருந்தாலும் அது வந்திருக்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 5 நாளில் 1 நாள் மக்கர் செய்யும் கம்ப்யூட்டர் உங்களிடம் இருக்கிறது. அதில் எதையுமே சரி செய்யாவிட்டாலும், தொடர்ந்து 3 நாள் ஒழுங்காக ஸ்டார்ட் ஆவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. தொடர்ந்து 10 நாள் ஒழுங்காக வருவதற்கே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஆகவே "புது எஸ்எம்பிஎஸ் போட்டோம், 3 நாளாக நன்றாக ஓடுகிறது" என்று கடைக்காரர் சொன்னால், அது எதற்கும் சாட்சி அல்ல. ஒன்றன்பின் ஒன்றாகப் பாகங்களுக்குக் காசு கொடுப்பது இப்படித்தான் நடக்கிறது.

இந்தக் கோளாறைப் பிடிக்க ஸ்க்ரூ டிரைவருக்கு முன்னால் ஒரு பேனாவும் பேப்பரும் வேண்டும். அது ஏன் என்பதைப் பார்ப்போம்.

முதல் வேலை ஃபைல்களைக் காப்பாற்றுவது

எதையும் ஆராய்வதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். அடுத்த முறை கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆனதும் அதை ஆஃப் செய்யாதீர்கள். உங்கள் போட்டோக்கள், கடிதங்கள், கணக்குகள் எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கிலோ, போதிய இடமுள்ள பென் டிரைவிலோ காப்பி செய்யுங்கள். இன்று ஸ்டார்ட் ஆனதுதான் கடைசி ஸ்டார்ட்டாக இருக்கலாம். கோளாறு ஹார்டு டிஸ்கிலேயே இருந்தால், சோதனை என்று நீங்கள் பத்து முறை ஆன், ஆஃப் செய்வதே அதற்கு எமனாகிவிடும்.

விண்டோஸ் 11 உள்ளவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பல புதிய கம்ப்யூட்டர்களில் டிஸ்கில் உள்ளதெல்லாம் பிட்லாக்கர் என்ற வசதியால் பூட்டப்பட்டே இருக்கும். உங்களுக்கே தெரியாமல் அது ஆன் ஆகியிருக்கலாம். மதர்போர்டை மாற்றினாலோ, பயாஸ் செட்டிங்குகள் அழிந்தாலோ, அது 48 இலக்கங்கள் கொண்ட ரெகவரி கீயைக் கேட்கும். அந்த கீ இல்லையென்றால் டிஸ்க் நன்றாக இருந்தும் ஃபைல்கள் கிடைக்காது. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் அது சேமிக்கப்பட்டிருக்கும். கம்ப்யூட்டர் ஓடும்போதே அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைக்காரர் மதர்போர்டை மாற்றிய பிறகு தேடுவது, வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தேடுவதற்குச் சமம்.

பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது?

ஸ்கூட்டரின் செல்ஃப் பட்டன் வழியாக ஸ்டார்ட்டர் மோட்டாருக்கான மின்சாரம் முழுவதும் பாய்வதில்லை. பட்டன் ஒரு சின்ன ரிலேவை மட்டும் இயக்குகிறது. அந்த ரிலேதான் பேட்டரியை மோட்டாரோடு இணைக்கிறது. நீங்கள் கேட்ட 'டக்' சத்தம் ரிலேயினுடையது.

கம்ப்யூட்டரும் அப்படியே. மிகப் பழைய கேபினெட்டுகளில் வீட்டு மின்சாரமே நேராக பவர் சுவிட்ச் வழியாகப் போனது. 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறை இதை மாற்றியது. இன்றுள்ள பவர் பட்டன் காலிங் பெல் பட்டன் போன்றது. "அழுத்தினார்கள்" என்ற செய்தியை மதர்போர்டுக்குச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது.

அந்தச் செய்தியைக் கேட்க மதர்போர்டு விழித்திருக்க வேண்டுமல்லவா? அதற்காக எஸ்எம்பிஎஸ், கம்ப்யூட்டர் ஆஃப் ஆகியிருக்கும்போதும் 5 வோல்ட் மின்சாரம் ஒன்றை எப்போதும் அனுப்பிக்கொண்டே இருக்கும். இதற்கு ஸ்டேண்ட்பை மின்சாரம் என்று பெயர். பட்டன் அழுத்தப்பட்டதும் மதர்போர்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒரு ஒயர் வழியாகச் சிக்னல் கொடுக்கிறது. எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட் மின்சாரங்களை எழுப்புகிறது. அவை நிலையானதும் "பவர் சரியாக இருக்கிறது" என்று பதில் சிக்னல் அனுப்புகிறது. அரை நொடிக்குள் இந்தப் பதில் போக வேண்டும். அது போனால்தான் ப்ராசஸர் வேலையைத் தொடங்கும். பிறகு பயாஸ் ராமையும் டிஸ்ப்ளேயையும் கீபோர்டையும் சரிபார்த்து, டிஸ்கில் விண்டோஸைத் தேடும்.

இதில் எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைக் கண்ணும் காதுமே சொல்லிவிடும்.

சத்தமே இல்லையா, டக் என்று நிற்கிறதா, சுற்றுகிறதா?

நல்ல வண்டி மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். கம்ப்யூட்டருக்கும் இதே கேள்விதான்.

பட்டனை அழுத்தியும் ஃபேன் அசையவில்லை, விளக்கு எரியவில்லை என்றால், ஒன்று மின்சாரம் வந்து சேரவில்லை அல்லது பட்டனின் செய்தி மதர்போர்டுக்குப் போகவில்லை. இதற்காக ராமையும் ஹார்டு டிஸ்கையும் சந்தேகப்படுவது வீண்.

ஃபேன் ஒரு கணம் சுற்றி நின்றுவிட்டால், எஸ்எம்பிஎஸ் முயற்சி செய்து பின்வாங்குகிறது என்று பொருள். அதனால் சுமையைத் தாங்க முடியவில்லை, அல்லது எங்கோ ஷார்ட் இருப்பதை உணர்ந்து தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. இதில் ஒரு விசேஷம் உண்டு. கம்ப்யூட்டர் ஆன் ஆகி, ஏறக்குறைய சரியாக 4 நொடியில் ஆஃப் ஆனால் பவர் பட்டனைப் பாருங்கள். பட்டனை 4 நொடி அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் ஆஃப் ஆக வேண்டும் என்பது பொதுவான ஏற்பாடு. அழுக்கேறிய பட்டன் உள்ளே போய் ஒட்டிக்கொண்டு வெளியே வராமல் நின்றால், நீங்கள் விரலை எடுத்தாலும் மதர்போர்டைப் பொறுத்தவரை யாரோ இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறார். இதற்குப் போய் மதர்போர்டையே மாற்றிவிட்டு வந்தவர்கள் உண்டு.

ஃபேன் எல்லாம் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் திரையில் ஒன்றுமில்லை என்றால் ராம், கிராபிக்ஸ் கார்டு, ப்ராசஸருக்குப் போகும் தனி 12 வோல்ட் பிளக், மானிட்டர் கேபிள் ஆகியவை சந்தேக வளையத்தில் வருகின்றன. மதர்போர்டு கம்பெனியின் படம் திரையில் வந்து, அதற்குப் பிறகுதான் நிற்கிறது என்றால் இயந்திரம் ஸ்டார்ட் ஆகிவிட்டது. பிரச்சினை டிஸ்கிலோ விண்டோஸிலோ இருக்கிறது.

வண்டிக்காரர்கள் செய்யும் ஒரு தவறை இங்கே சொல்லியாக வேண்டும். "ஹாரன் அடிக்கிறது, லைட் எரிகிறது, அதனால் பேட்டரி நல்ல பேட்டரி" என்பார்கள். ஹாரனுக்கும் லைட்டுக்கும் சில ஆம்பியர் மின்சாரம் போதும். காரின் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கும் மேல் தேவைப்படும். முனையில் பூத்துப்போன பேட்டரி முதலாவதைத் தரும், இரண்டாவதைத் தராது. நிற்கும் காரில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, சாவியைத் திருப்பும்போது 9 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அது பயனில்லாத பேட்டரி. இதே போலத்தான் "மதர்போர்டில் சின்ன விளக்கு எரிகிறது, அதனால் எஸ்எம்பிஎஸ் நல்லது" என்பதும். அந்த விளக்கு ஸ்டேண்ட்பை மின்சாரத்தில் எரிவது. 12 வோல்ட் பக்கம் படுத்துக் கிடந்தாலும் அது அழகாக எரிந்துகொண்டிருக்கும்.

காலண்டர் தாளில் எழுதுங்கள்

இனி பேனாவுக்கு வருவோம். தினமும் கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது நான்கு விஷயங்களை எழுதுங்கள். மணி என்ன, எத்தனை மணி நேரம் ஆஃப் ஆகியிருந்தது, எத்தனையாவது அழுத்தில் வந்தது, வராதபோது என்ன பார்த்தீர்கள் அல்லது கேட்டீர்கள். வந்த நாளையும் எழுத வேண்டும். வராத நாளை மட்டும் எழுதினால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது.

இதையெல்லாம் விண்டோஸே குறித்து வைத்திருக்காதா என்று கேட்கலாம். ஈவன்ட் வியூவர் என்ற பகுதியில் கெர்னல்-பவர் 41 என்று ஒரு குறிப்பு வரும். முந்தைய முறை கம்ப்யூட்டர் முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றுபோனது என்பதை அடுத்த முறை ஸ்டார்ட் ஆகும்போது அது பதிவு செய்யும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஃப் ஆகும் கோளாறுக்கு அது உதவும். ஆனால் ஸ்டார்ட்டே ஆகாதபோது விண்டோஸ் எழுந்திருக்கவே இல்லை. தூங்குகிறவர், தான் எழாமல் போனதை எப்படி எழுதி வைப்பார்?

இரண்டு வாரம் எழுதிய பிறகு பாருங்கள். இரவு முழுவதும் ஆஃப் ஆகியிருந்த பிறகு மட்டும் தகராறு, ஒருமுறை வந்துவிட்டால் அன்று முழுவதும் தொல்லை இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலோ மதர்போர்டிலோ உள்ள மின்தேக்கிகள் வயதாகிவிட்டதாகச் சந்தேகிக்கலாம். குளிர்ந்திருக்கும்போது அவற்றின் திறன் இன்னும் குறையும். சூடாக இருக்கும்போது, அதாவது இரண்டு மணி நேரம் ஓடி ரீஸ்டார்ட் கொடுக்கும்போது மட்டும் வரவில்லை என்றால் தூசி அடைத்த ஃபேன், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் பக்கம் பாருங்கள். மழை நாட்களிலும், ஊருக்குப் போய் பல நாள் பூட்டிக்கிடந்த பிறகும் தகராறு என்றால் ராம் கார்டின் முனைகள். வீடு மாற்றிய பிறகோ, தூசி தட்டிய பிறகோ தொடங்கியது என்றால் ஏதோ ஒரு பிளக் தளர்ந்திருக்கிறது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கம்ப்யூட்டரில் காலமான கணவர் எழுதி வைத்த கட்டுரைகளும், பேரன் பேத்திகளின் படங்களும் இருந்தன. வேறெங்கும் காப்பி இல்லை. ஸ்டார்ட் ஆகும்போதும் ஆகாதபோதும் அவருக்கு அடிவயிறு கலங்கும். கடையில் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினார்கள். ஒரு வாரம் கழித்து ராமை மாற்றினார்கள். மூன்றாவது முறை மதர்போர்டு என்று சொல்ல, அவர் என்னிடம் வந்தார். "தம்பி, கடையில வச்சா ஒரு குறையும் இல்லாம ஓடுது. வீட்டுக்கு வந்தா நம்மள மதிக்க மாட்டேங்குது" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் துப்பு இருந்தது. கடைக்கு அவர் கொண்டு போனது கேபினெட்டை மட்டும். வீட்டிலேயே தங்கிவிட்டவை எவை? பவர் கார்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யூபிஎஸ், மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர். கேபினெட்டுக்குள் இருப்பதைவிட இவற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஃபைல்களை எல்லாம் காப்பி செய்து கொடுத்துவிட்டு, தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுதச் சொன்னேன். டீச்சர் அல்லவா, நான் கேட்டதைவிட ஒழுங்காக எழுதியிருந்தார். காலை ஆறரை மணிக்கு ஆன் செய்த நாட்களில்தான் பெரும்பாலும் தகராறு. பிற்பகலில் ஒருமுறைகூட இல்லை. ஒரு நாள் மட்டும் காலையிலும் நன்றாக வந்திருந்தது. அந்தத் தாளின் ஓரத்தில் "இன்று கார்ப்பரேஷன் தண்ணீர் இல்லை" என்று எழுதியிருந்தார்.

தண்ணீர் வரும் நாட்களில் காலையில் வீட்டு மோட்டார் ஓடும். பக்கத்து வீடுகளிலும் ஓடும். அப்போது வோல்டேஜ் இறங்கும். யூபிஎஸ் அதைப் பார்த்து பேட்டரிக்கு மாறும். அந்த பேட்டரிக்கு நான்கு வயது. கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் மின்சாரத்தை அதனால் தர முடியவில்லை. ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடும். மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து பட்டனை அழுத்தினால், எதுவும் நடக்காதது போல வந்துவிடும். யூபிஎஸ்ஸைத் தவிர்த்துவிட்டு நேராகச் சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டில் கொடுத்துப் பார்த்தோம். மோட்டார் ஓடும்போதும் வந்தது. இரண்டு வாரம் அப்படியே விட்டோம், ஒருமுறைகூடத் தவறவில்லை. யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி வாங்கியதோடு கதை முடிந்தது. வீட்டு யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது ஸ்கூட்டரிலும் காரிலும் இருப்பது போன்ற லெட் ஆசிட் வகை 12 வோல்ட் பேட்டரிதான். வண்டி பேட்டரியைப் போலவே இதற்கும் சில வருடங்கள்தான் ஆயுள். வண்டிக்கு மாற்றுகிறோம், யூபிஎஸ்ஸுக்கு மறந்துவிடுகிறோம்.

வெளியிலிருந்து உள்ளே

எல்லோர் வீட்டிலும் யூபிஎஸ் காரணமாக இருக்காது. ஆனால் வெளியிலிருந்து உள்ளே போவது என்ற வரிசையை மாற்றாதீர்கள். வெளியே உள்ளவற்றைச் சோதிக்கச் செலவில்லை.

பிளக் பாயின்ட்டை டெஸ்டர் வைத்துப் பார்ப்பது போதாது. டெஸ்டர் பேஸ் ஒயரை மட்டும் காட்டும். நியூட்ரல் ஒயர் விட்டுப்போயிருந்தாலும் டெஸ்டர் பளிச்சென்று எரியும், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வராது. அதே பாயின்ட்டில் ஒரு டேபிள் விளக்கைச் சொருகி எரியவிட்டு, பிளக்கை லேசாக அசைத்துப் பாருங்கள். விளக்கு மினுக்கினால் உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் இப்படியே பாருங்கள். கறுத்துப்போன ஓட்டையோ கருகிய வாசனையோ இருந்தால் சோதிக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். பவர் கார்டு கேபினெட்டின் பின்பக்கம் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் உள்ள சிறு சுவிட்சில் துணி துடைக்கும்போது கை பட்டிருக்கிறதா?

அடுத்து, கீபோர்டு, மவுஸ், மானிட்டர் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். யூஎஸ்பியில் மாட்டிய பிரிண்டரோ, கோளாறான பென் டிரைவோ ஒரு கம்ப்யூட்டரைக் கிளம்பவிடாமல் செய்ய முடியும்.

இதற்குப் பிறகுதான் கேபினெட்டைத் திறக்க வேண்டும். பவர் கார்டைக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் ராமைக் கெடுத்துவிடலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். கார்டைப் பிடுங்கிய பிறகும் உயிருக்கு ஆபத்தான வோல்டேஜ் அதன் மின்தேக்கிகளில் தங்கியிருக்கும்.

பவர் பட்டன் மீது சந்தேகமா? இதற்கு ஒரு பைசா செலவில்லாத சோதனை உண்டு. கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய ஒயர்கள் மதர்போர்டின் ஓரத்தில் உள்ள சிறு பின்களில் மாட்டப்பட்டிருக்கும். பவர் சுவிட்ச் ஒயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ரீசெட் சுவிட்ச் ஒயரை மாட்டுங்கள். எந்தப் பின் என்பது மதர்போர்டின் கையேட்டில் இருக்கும். இரண்டு பட்டன்களும் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. இனி ரீசெட் பட்டனே உங்கள் பவர் பட்டன். இரண்டு வாரம் தகராறில்லாமல் வந்தால் குற்றவாளி பழைய பட்டன். எனக்குத் தெரிந்து சில வீடுகளில் கம்ப்யூட்டர் வருடக்கணக்கில் ரீசெட் பட்டனில்தான் ஓடுகிறது.

ஃபேன் சுற்றியும் திரை வராதவர்கள் ராமைக் கழற்றுங்கள். பொன்னிற முனைகளை மென்மையான பென்சில் அழிப்பானால் லேசாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் 'க்ளிக்' என்று விழும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஒரு வாரம், மற்றதை மட்டும் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். எந்த ஸ்லாட்டில் போட வேண்டும் என்பதற்கும் கையேட்டைப் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள பல போர்டுகளில் ஒற்றை ராமுக்கான இடம் ப்ராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட். மதர்போர்டில் 24 பின் பெரிய பிளக்கையும், ப்ராசஸர் அருகே உள்ள 4 அல்லது 8 பின் பிளக்கையும் கழற்றி மீண்டும் அழுத்தி மாட்டுங்கள். சில புதிய மதர்போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பெயரிட்ட நான்கு சின்ன விளக்குகள் இருக்கும். கம்ப்யூட்டர் நிற்கும்போது எது அணையாமல் எரிகிறதோ அந்த இடத்தில் தடை. அதையும் காலண்டர் தாளில் எழுதுங்கள்.

தேதியும் நேரமும் அடிக்கடி தவறாகக் காட்டினால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். இது 3 வோல்ட் பேட்டரி, விலை மிகக் குறைவு. பல போர்டுகள் இது தீர்ந்தாலும் ஸ்டார்ட் ஆகும், சில அடம்பிடிக்கும். கழற்றும்போது பயாஸ் செட்டிங்குகள் அழியக்கூடும் என்பதால், மேலே சொன்ன பிட்லாக்கர் கீயை எழுதி வைத்த பிறகே தொடுங்கள்.

டார்ச் அடித்து மதர்போர்டில் உள்ள சிறு உருளை வடிவ மின்தேக்கிகளைப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறக் கசிவு இருந்தாலோ அது முடிந்துபோன சரக்கு. 2000-களின் முதல் பாதியில் தரமற்ற மின்தேக்கிகள் உலகெங்கும் மதர்போர்டுகளில் ஏறிவிட்டன. டெல்லின் ஆப்டிப்ளெக்ஸ் வரிசைக் கம்ப்யூட்டர்கள் பல அதனால் பாதிக்கப்பட்டன. இப்போது வரும் பெரும்பாலான போர்டுகளில் சாலிட் வகை மின்தேக்கிகள் இருப்பதால் இந்த நோய் குறைந்துவிட்டது. மலிவான எஸ்எம்பிஎஸ்களுக்குள் பழைய வகை இன்னும் இருக்கிறது.

எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க, 24 பின் பிளக்கில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்தால் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள். சுற்றாவிட்டால் அது கெட்டது என்று முடிவு செய்யலாம். சுற்றினால் நல்லது என்று முடிவு செய்ய முடியாது. ஹாரன் அடிக்கும் பேட்டரியின் கதைதான். மல்ட்டிமீட்டர் தெரிந்தவர்கள், கம்ப்யூட்டர் சுமையோடு ஓடும்போது 12 வோல்ட் பக்கம் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்க்கலாம். மற்றவர்களுக்கு நம்பகமான ஒரே சோதனை, நன்றாக ஓடும் இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கிப் போட்டு சில வாரம் பார்ப்பது. மதர்போர்டு கடைசி. மற்றவை எல்லாம் தப்பித்த பிறகுதான் அதன் மீது கை வைக்க வேண்டும்.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். பட்டன், ராம், பேட்டரி மூன்றையும் ஒரே நாளில் செய்துவிட்டால், எது காரணம் என்பது யாருக்கும் தெரியாது. மாற்றிய பிறகு எத்தனை நாள் காத்திருப்பது? 5 நாளில் 1 நாள் தகராறு என்றால் குறைந்தது 14 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒருமுறை வரும் தகராறுக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அப்படிப்பட்ட கம்ப்யூட்டரோடு பேக்கப் எடுத்துக்கொண்டு காலம் தள்ளுவதே நல்லது என்பது என் கருத்து.

கோளாறே இல்லாத சில கோளாறுகள்

டிடிஆர்5 ராம் உள்ள புதிய கம்ப்யூட்டர்களில் ராமை மாற்றிய பிறகோ, பயாஸ் அப்டேட் செய்த பிறகோ முதல் முறை ஆன் செய்தால் பல நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கலாம். மதர்போர்டு ராமோடு பழகிக்கொண்டிருக்கிறது. பயந்துபோய் நடுவில் ஆஃப் செய்யாதீர்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் மாட்டிவிட்டு, தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும் கம்ப்யூட்டரில் படம் வரவில்லை என்று தேடுபவர்களும் உண்டு.

2012-ல் விண்டோஸ் 8-உடன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி வந்தது. இது ஆன் ஆகியிருந்தால் ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் முழுவதும் மூடுவதில்லை. ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி வைத்து அடுத்த முறை அதையே எழுப்புகிறது. ரீஸ்டார்ட்தான் முழுமையாக மூடித் திறப்பது. காலையில் ஆன் செய்தால் லோகோவுக்குப் பிறகு தொங்குகிறது, ரீஸ்டார்ட் செய்தால் நன்றாக வருகிறது என்றால், கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று இந்த வசதியை நிறுத்திப் பாருங்கள். லோகோ வந்த பிறகு டிஸ்க் கிடைக்கவில்லை என்று சில நாள் மட்டும் சொன்னால், டிஸ்க்கின் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும். 'குட்' என்று சொல்லாத டிஸ்கை நம்பாதீர்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் திறந்து பார்க்க வேண்டாம். அடாப்டரைக் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு அடாப்டரை மட்டும் கொடுத்து ஆன் செய்யுங்கள். அடாப்டர் பின்னை அசைத்தால் சார்ஜ் விளக்கு மினுக்குகிறதா என்றும் பாருங்கள்.

கடைக்கே போவது என்று முடிவு செய்தால் கேபினெட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பவர் கார்டையும் யூபிஎஸ்ஸையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். "ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்று சொல்லாமல், "இரவு முழுவதும் ஆஃப் ஆகியிருந்தால், 14 நாளில் 4 நாள் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நிற்கிறது, யூபிஎஸ் இல்லாமலும் இதே கதை" என்று தாளைக் காட்டுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்கி வையுங்கள். மூன்று வாரம் கழித்து கோளாறு திரும்பி வந்தால், அந்தப் பழைய பாகம் நல்ல பாகம்தான் என்பது தெரிந்துவிடும்.